அணைந்தே கிடந்த அடாப்டிவ் சிங்க்

அண்ணா,

சோறு குக்கரில் இருக்கிறது. நீ எழும்போது ஆறியிருக்கும். அது என் குற்றமல்ல. வீட்டுச் சாவி உன் ஹெட்போனுக்கு அடியில்.

நாலு மணிக்கு உன் ஆபீஸ் நண்பர்கள் புது மானிட்டரைத் தரிசிக்க வருகிறார்களாம். அதற்கு முன் ஒரு சேதி.

"வெறும் 240 ஹெர்ட்ஸ் வேகம் மட்டும் போதாதுடி, அடாப்டிவ் சிங்க் ஓடணும். கிராபிக்ஸ் கார்டு படம் அனுப்புற வேகத்துக்கு மானிட்டர் ஒத்துப்போகும், கேம்ல படம் கிழியாது. வழுவழுன்னு இருக்கு பாரு! தையக்காரி கண்ணுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போகுது?" என்று மூன்று மாதமாக உபதேசம் செய்தாய். அந்தத் திரைக்காக என் தையல் மேசையையும் பிடுங்கிக்கொண்டாய். நான் தரையில் குந்தி யூனிஃபார்ம் தைக்கிறேன்.

இன்று தூசி தட்டும்போது மானிட்டரின் பின்பக்கப் பொத்தானில் கை பட்டு மெனு திறந்தது. உன் அடாப்டிவ் சிங்க் பெட்டியிலிருந்து வந்தபடியே அணைந்து கிடக்கிறது.

போட்டுப் பார்த்தேன். அதுவரை, கேமில் சட்டென்று திரும்பினால் சுவர் நடுவில் வெட்டுப்பட்டு விலகியது, போட்டதும் ஒட்டிக்கொண்டது. ஆக, பயன் இருக்கிறது. தையல்காரி கண்ணுக்கே தெரிகிறது. நிபுணருக்குத்தான் தெரியவில்லை.

மூன்று மணிக்கு வருவேன். அதற்குள் மேசை காலியாகவில்லையென்றால், இந்த மூன்று மாதம் நீ எதைப் பார்த்துச் சிலாகித்தாய் என்பதை உன் நண்பர்களுக்கு நானே அணைத்தும் போட்டும் காட்டுவேன்.

— தங்கை

மறந்துவிட்டேன்: மானிட்டர் தரையிலும் ஓடும். குந்தி உட்கார்ந்தால் முதல் வாரம்தான் முட்டி வலிக்கும்.