ஆறாம் வகுப்புக்கும் பசிக்கும்

18.6.25, புதன்

பொங்கல். பருப்பு நன்றாகக் குழைந்தது. பனியன் கம்பெனி செக்கிங் வேலையை விட்டுப் பள்ளிக்கூடத்துக் காலைச் சமையலுக்கு வந்த பிறகு கால்வலி கொஞ்சம் தேவலை.

இரண்டாம் வகுப்பு அருண்பாண்டி பாதி சாப்பிட்டுவிட்டு, மீதியைத் தட்டோடு தூக்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஓடினான். பின்னாலேயே போனேன். அங்கே அவன் அக்கா தமிழ்மதி. என்னைப் பார்த்ததும் வாயில் இருந்ததை விழுங்கவும் முடியாமல் நின்றாள். அவள் ஆறாம் வகுப்பு. அரசாங்கம் தருகிற காலை உணவு ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான்.

"ஏன் கண்ணு, ஊட்டுல சாப்பிடலியா?"

"அம்மா நேரமே கம்பெனிக்குப் போயிருச்சு."

திரும்பி அடுப்படிக்கு வந்துவிட்டேன்.

19.6.25, வியாழன்

தட்டு வெளியே போகக் கூடாது என்பது விதி. அருண்பாண்டியை உள்ளேயே உட்கார வைத்தேன். அழுதான். உப்புமா ஆறியே போய்விட்டது.

20.6.25, வெள்ளி

பாத்திரத்தின் அடியில் கொஞ்சம் கிச்சடி மிஞ்சியது. தமிழ்மதியைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். அவள் பின்னாலேயே ஏழாவது, எட்டாவது என்று வரிசையாக வந்து நின்றார்கள். சுரண்டிச் சுரண்டிப் போட்டேன். இத்தனை பேரா வெறும் வயிற்றோடு பாடம் கேட்கிறார்கள்?

தலைமையாசிரியர் டேனியல் சார் பார்த்துவிட்டார். "எனக்கும் மனசு கேக்கலீங்க கோமளாம்மா. ஆனா சின்னப் பிள்ளைகளுக்குன்னு அளந்து வர்றது. இவங்களுக்குக் கொடுத்தா அதுகளுக்குக் குறையும்."

நியாயம்தான். அதனால்தான் கோபம் கோபமாக வருகிறது.

24.6.25, செவ்வாய்

ஒச்சம்மாள் — தமிழ்மதி, அருண்பாண்டியின் அம்மா, சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம் — கம்பெனிக்குப் போகிற வழியில் கேட்டில் நின்று கத்தினாள். "எம்புள்ளையச் சட்டி சுரண்ட விட்டீங்களாம்ல? நாங்க என்ன பிச்சையா எடுக்கிறோம்?"

நான் நெனச்சது ஒண்ணு, ஆனது ஒண்ணு. "அப்படி இல்லீங்க, இல்லீங்க"ன்னு சொல்லச் சொல்லப் போயிட்டா. தமிழ்மதி தலையே தூக்கல. அத்தனை பேர் பாத்தாங்க. நான் செஞ்சது தப்பா?

25.6.25

தமிழ்மதி வரவில்லை. தம்பியும் வரவில்லை.

26.6.25, வியாழன்

இன்றும் வரவில்லை. சாயங்காலம் நெருப்பெரிச்சல் ஊரில் அவர்கள் இருக்கிற லைன் வீட்டுக்கே போனேன். அதிசயமாக ஒச்சம்மாளுக்கு இன்று ஓவர்டைம் இல்லை. உள்ளே வரச் சொல்லுவாளோ மாட்டாளோ என்று இருந்தது. பாயை விரித்துப் போட்டாள்.

"ஓவர்டைம் முடிஞ்சு வந்து படுத்தா உடனே விடிஞ்சிருதுக்கா. பெரியவ பசிக்கலம்பா. நானும் நம்பிக்கிருவேன்" என்றாள்.

"நாளைக்குப் பிள்ளைகளை அனுப்பி வைங்க" என்றேன்.

"அனுப்புறேன். ஆனா மிச்சம் மீதி வேணாம்க்கா. நாங்களும் ஏதாச்சும் தர்றோம், எல்லாப் பிள்ளைகளும் உக்காந்து சாப்பிடட்டும். அப்படின்னா சரி."

பஸ்ஸில் வரும்போதெல்லாம் அந்தப் பேச்சுத்தான் மண்டைக்குள் ஓடியது. அவள் சொன்னதில் என்ன தப்பு?

4.7.25, வெள்ளி

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். எழுந்து கேட்டுவிட்டேன்: "ஆறாவது போனா வயிறு சுருங்கிப் போயிருமாங்க?"

சிலர் சிரித்தார்கள். பெரிய வகுப்பில் யார் யார் சாப்பிடாமல் வருகிறார்கள் என்று சொல்லச் சொல்லச் சிரிப்பு நின்றது.

அவிநாசிபாளையத்தில் தோட்டம் வைத்திருக்கிற தங்கவேலு அண்ணன் — அவர் பேரன் இங்கே ஏழாவது — "கம்பும் முருங்கைக்கீரையும் என் பொறுப்புங்க" என்றார். பின்வரிசையிலிருந்து ஒச்சம்மாள்: "தட்டப்பயறு எங்க லைன் வீட்டுக்காரங்க தர்றோம். காய்ச்சவும் முறை வச்சு வர்றோம்." கூட்டத்துக்காக பெர்மிஷன் போட்டு வந்திருக்கிறாள்!

மேலிடத்தில் அனுமதி கேட்கிறேன் என்றார் சார்.

14.7.25

பதில் இல்லை. தினமும் சார் முகத்தைப் பார்க்கிறேன். அவர் உதட்டைப் பிதுக்குகிறார்.

21.7.25, திங்கள்

கெடச்சிருச்சு! தனி அடுப்பு, தனிப் பாத்திரம், அரசாங்கப் பொருளைத் தொடக் கூடாது, நாங்கள் சாப்பிட்டுப் பார்த்த பிறகுதான் பிள்ளைகளுக்கு. சரிங்க, சரிங்க, எல்லாத்துக்கும் சரிங்க.

23.7.25, புதன்

முதல் நாள். மோர் ஊற்றிய கம்பங்கூழ், கீரை போட்ட தட்டப்பயறுச் சுண்டல். எட்டாவது பையன்கள் சுவரில் சாய்ந்துகொண்டு வராமல் நின்றார்கள் — வெட்கம். தமிழ்மதி தட்டை எடுத்துக்கொண்டு நேராக வந்து முதல் ஆளாக உட்கார்ந்தாள். அப்புறம்தான் அவர்கள் நகர்ந்தார்கள். ஒருத்தன் மூன்றாம் தடவை வந்தபோது யாரும் அவனை ஒன்றும் சொல்லவில்லை.

19.8.25, செவ்வாய்

காய்ச்சல். சின்னப் பிள்ளைகளின் கிச்சடிக்கு எங்கள் மகளிர் குழுவிலிருந்து ரங்காத்தாள் போய்விட்டாள். ஆனால் கூழ் காய்ச்ச இன்று என் முறை. யாரிடம் சொல்வது என்று படுத்துக்கொண்டே புலம்பினேன்.

பள்ளிக்கூட மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒச்சம்மாள். ரங்காத்தாள் சொல்லிக் கேள்விப்பட்டு, கம்பெனிக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, கூழ் காய்ச்சிப் பிள்ளைகளுக்கு ஊற்றிவிட்டு, தூக்குப்போசியில் எனக்கும் கொண்டு வந்திருந்தாள்.

"உங்க கூழு தண்ணியா இருக்குன்னு புள்ளைங்க சொல்லுதுக. நான் கெட்டியாக் காச்சுனேன். குடிச்சுப் பாருங்க."

குடித்தேன். கெட்டியாகத்தான் இருந்தது.