ஆண்டகை தின்ற முட்டைகள்

ஷ்கோதர்,
தவக்காலம் ஐந்தாம் வாரம்

அன்பு மகள் வித்தோரேவுக்கு அம்மா எழுதுவது. முழங்கால் வலி தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை, மிலானில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். உன் தம்பி பெண்டாட்டிக்கு மறுபடி மசக்கை, அது இருக்கட்டும், எனக்கு வயிறு எரிகிறது, அதைக் கேள். நம் மாரின் ஆண்டகையை வேதத்துக்காக உயிர்விட்ட மறைசாட்சியாக அறிவிப்பதற்குக் கோயிலில் சாட்சி கேட்கிறார்கள். முதல் சாட்சி யார் தெரியுமா? பாலோக்! அரசாங்கம் கோயில்களைப் பூட்டிய காலத்தில், எந்த வீட்டில் உயிர்ப்புத் திருநாள் கொண்டாடினார்கள் என்று குப்பைத்தொட்டியில் வெங்காயத்தோலில் சாயமேற்றிய சிவப்பு முட்டை ஓட்டைக் குச்சியால் கிளறித் தேடி, மேலிடத்துக்கு எழுதிப் போட்டவன். இன்று கழுத்தில் சிலுவை, ஆண்டகைக்கு நான் புள்ள மாதிரி என்று பேச்சு.

நீ அப்போது தொட்டிலில். ஆயராக இருந்த ஆண்டகையைத் தெருக்கூட்ட விட்டிருந்தார்கள். திருநாளன்று ஓடுகளை என் வண்டியில் போடுங்கம்மா, ஆத்துல கொட்டிடறேன் என்று அவரே சொல்லியிருந்தார். மற்ற பெண்கள் காகிதத்தில் சுற்றிச் சருகுக்கு அடியில் செருகினார்கள். நான், அடுப்பில் பால் பொங்குகிறதென்று, அப்படியே மேலே கொட்டிவிட்டு ஓடினேன். இதை உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. பாலோக் வண்டியைக் கவிழ்த்தான். எந்தெந்த வீடு, சொல்லுய்யா என்றான். எல்லாம் நானே தின்னேன் என்றார் ஆண்டகை. எலும்புக்கூடு மாதிரி இருக்கே, அறுபது முட்டையா தின்னே என்று கேட்டதற்கு, நாப்பது நாள் நோன்புப் பசிப்பா, நீ கேட்டிருந்தா உனக்கும் ஒண்ணு குடுத்திருப்பேனே என்றார். கூட வந்த போலீஸ்காரனே சிரித்துவிட்டான். அந்த ஆத்திரத்தில் துடைப்பக்கட்டையாலேயே அவரை அடித்தான் இந்தப் பாவி. சுரங்க முகாமுக்குக் கொண்டுபோனார்கள், இரண்டாவது குளிர்காலத்தில் செத்தார், கல்லறைகூட இல்லை. நான் விரலில் வெங்காயத்தோல் சாயத்தோடு திரைச்சீலைக்குப் பின்னால் நின்றேன், வாய் திறக்கவில்லை.

பாலோக் பேச்சு வந்தாலே, கிழவனை மன்னிச்சு விட்டுடும்மா என்று நீ தொலைபேசியில் சொல்கிறாய். அடி வாங்கியவர் மன்னிக்கட்டும், நான் யார்? நேற்று அவனே வாசலில் வந்து நிற்கிறான், கோயில்ல என் பேரை எடுத்தியானா, யார் வீட்டு ஓடு மேல கெடந்துச்சுன்னு நானும் சொல்லுவேன் திராந்தே, நீ கொட்டிட்டு ஓடினதை நான் பாத்தேன், அன்னிக்கு உன்னை விட்டு வெச்சதே நான்தான் என்று மிரட்டுகிறான். போடா, நானே சொல்லிக்கறேன் என்று கதவைச் சாத்தினேன். வியாழக்கிழமை கோயிலில் முதலில் என் பெயரைச் சொல்வேன், பிறகு அவன் பெயரை. ஊர் வாயிலிருந்து உனக்கு வருமுன் என் கையிலிருந்து வரட்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

திருநாளுக்கு வெங்காயத்தோலில் முட்டை வேகவைக்க மறக்காதே. ஓடுகளைத் தொட்டியில் போடாதே, வாசலிலேயே போடு, போகிறவர் வருகிறவர் பார்க்கட்டும். நம் அடுப்படியில் ஒளித்து உனக்கு ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றிய ஆண்டகையின் கை உங்கள் எல்லோர் தலைமேலும் இருக்கட்டும்.

உன் அம்மா,
திராந்தே