கையில் கனத்த தூண்டில்கம்பு

மெஹருன்னிசா,

நான் முதன்முதலாகக் கட்டிய தூண்டில்கம்பு திரும்பி வந்துவிட்டது. போனில் சொல்ல வெட்கம், அதனால் எழுதுகிறேன். அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம், உன் முட்டுவலி எப்படி?

வண்டன்மேட்டில் ஏலக்காயைக் கையில் ஏந்திப் பார்த்து, கனத்ததையே எடுத்துப் பழகியவன் நான். கம்பு, பிடி, தூண்டில் நரம்பு ஓடும் வளையம் எல்லாவற்றையும் அப்படியே கனத்ததாகப் பொறுக்கினேன். ஈ மாதிரி கட்டிய இரையை ஓடையில் வீசும் கம்பு இறகுபோல இருக்கணுமாம். அதை வாங்கிப் போன எஸ்டேட் சூப்பர்வைசர் ஈஸ்வரன், என் கடைக்கே கொண்டு வந்து ஆட்கள் முன்னால், "என்ன பாய், மீன் பிடிக்கக் குடுத்தீகளா, மாடு விரட்டவா?" என்றார். எல்லாம் தெரியும் என்று அவரிடம் பீற்றியவன் நான்தான். தலை நிமிரவில்லை.

அவருக்குக் கட்டப்போகும் புதுக் கம்பில் வளையம் கட்ட, உன் தையல் பெட்டியிலுள்ள சிவப்புப் பட்டுநூலை அனுப்பு. நீயே கொண்டு வந்தாலும் சரி. பஸ் கிளம்புகிறது, கடிதத்தை டிரைவரிடம் கொடுக்கிறேன்.

புதுக் கம்புக்கு ஈஸ்வரனிடம் பேசி முடித்தது இது: சாமான் என் செலவு, கூலி கிடையாது, நூறு தடவை வீசியும் கை வலிக்காவிட்டால்தான் அவர் எடுத்துக்கொள்வார்.

கலீல்