கையை விட்டுப் பார், பிறகு காலை விடு

அத்தை,

இன்று சாயங்காலம் தஞ்சாவூர் செருப்புக் கடையில் எனக்காக ஒரு பெட்டியைத் திறந்தார்கள். புது ரப்பர் வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது. ஷூவுக்குள் திணித்திருந்த தாளை உருவிப் போட்டுவிட்டு, காலை நீட்டாமல், மணிக்கட்டு வரை கையை விட்டேன். விரல் நுனியால் உள்பக்கம் முழுக்கத் துழாவிக்கொண்டிருந்தபோது, வேலைக்குப் புதிதாக வந்திருந்த அண்ணன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"உள்ள ஒண்ணும் இல்ல பாப்பா. புது ஷூ."

"தெரியும்ணே. இருந்தாலும் ஒரு நப்பாசை."

கல்லாவில் இருந்த பாய் நிமிர்ந்து பார்த்தார். என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. "விடு தம்பி. அது அவங்க அத்தை பழக்கம்" என்றார்.

அந்த நிமிடத்திலிருந்து உன்னிடம் பேச வேண்டும் என்று நாக்கு அரிக்கிறது. பஸ்ஸில் திருக்காட்டுப்பள்ளி வரைக்கும் தாங்கினேன். இனி முடியாது. சேதி என்னவென்றால், வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. நாளைக்கு உன் வயலில் நடவு. வரப்பில் நின்று நாற்று முடிகளைக் கட்டுக்கட்டாக வீசப்போவது யார் என்று நினைக்கிறாய்? நான்தான். அதற்குத்தான் இந்த ஷூ. எனக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை. உனக்கோ நின்றாலும் தெரியாது.

கோபித்துக்கொள்ளாதே. இந்த ஜோக்குக்கெல்லாம் நீ உயிரோடு இருந்தபோதே சிரித்தவள்.

உன் கால் மரத்துப்போனதை இந்த ஊரில் முதலில் கண்டுபிடித்தவள் நான்தான் என்பதை யாரும் மறந்துவிடக் கூடாது. டாக்டர் இல்லை, அப்பா இல்லை, நீயே இல்லை. நீ கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் கட்டிலுக்குக் கீழே பதுங்கி, ஒரு நெற்கதிரை நீட்டி உன் உள்ளங்காலைச் சுரண்டினேன். உனக்குக் கூச்சம் அதிகம், உதைப்பாய் என்று தலையைக் கூட ஒதுக்கிவைத்திருந்தேன். உதை வரவில்லை. இன்னும் அழுத்திச் சுரண்டினேன். டிவியில் மாமியார் அழுதாள், நீயும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாய். கால் மட்டும் யாருடையதோ மாதிரி கிடந்தது.

"அத்தை, கூசலையா ஒனக்கு?"

"எதுடி?"

அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தேன். பெருவிரலுக்கு அடியில் நத்தை ஓட்டின் சில்லு ஒன்று ஏறிப் புதைந்திருந்தது. சுற்றிலும் சீழ். வயலில் குத்தியிருக்க வேண்டும். அதோடேயே நீ நடந்து, சமைத்து, கடைக்குப் போய் வந்திருக்கிறாய்.

"கொஞ்ச நாளா பஞ்சு மேல நடக்குற மாரிதான் இருந்துச்சு. நல்லாத்தானே இருக்குன்னு விட்டுட்டேன்" என்றாய், அது ஏதோ ஓசியில் கிடைத்த மெத்தை மாதிரி.

ஆஸ்பத்திரியில் நீ செய்த திருட்டுத்தனத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை, இப்போது எழுதிவைக்கிறேன். நர்ஸ் அக்கா உன்னைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, தூண்டில் நரம்பு மாதிரி ஒரு மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டார். "தொடுறப்ப சொல்லுங்கம்மா." அவர் தொட்டார், நீ சும்மா இருந்தாய். மறுபடி தொட்டார், சும்மா. பிறகு கையை எடுத்துக்கொண்டு அவர் சும்மா இருந்தபோது நீ, "ஆங், இப்பத் தொட்டீங்க" என்றாய். ஒற்றைக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, சரியா என்று புருவத்தால் வேறு கேட்டாய்.

டாக்டர் சிரிக்கவில்லை. சுகர் நரம்பைத் தின்றுவிட்டது என்றார். "இந்தப் புண்ணு ஆறிடும். இன்னொண்ணு வந்துச்சுன்னா வெரலை எடுக்க வேண்டி வரலாம்மா. வெறுங்காலோட எங்கயும் போகாதீங்க."

"வயலுக்கு?"

"வயலுக்கு மொதல்ல போகாதீங்க."

உன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். உனக்கு என் வயது இருக்கும்போதிலிருந்தே அடுத்தவர்கள் வயலில் நடவு நட்டு, குருவி சேர்க்கிற மாதிரி சேர்த்து வாங்கிய வயல் அது. அப்பாவுக்கு உத்தியோகம் கிடைத்தபோதுகூட நீ அப்படிக் குதித்ததில்லையாம், பத்திரம் உன் பேரில் பதிவான அன்றைக்குக் குதித்த மாதிரி. அந்த வயலுக்குப் போகாதே என்றால்?

நர்ஸ் அக்காதான் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். செருப்பு நழுவாமல் பின்னால் பிடிப்பு வேண்டும், முன்பக்கம் அகலமாக இருக்க வேண்டும், உள்ளே தையல் உறுத்தக் கூடாது, அடியில் மெத்தென்று இருக்க வேண்டும். கால் வீங்கியிருக்கிற சாயங்காலத்தில் போய் வாங்க வேண்டும். வெள்ளை சாக்ஸ் போட வேண்டும், ரத்தம் பட்டால் தெரியும். "எல்லாத்தையும் விட முக்கியம், காலை விடுறதுக்கு முன்னாடி கையை விட்டுப் பாருங்க. கல்லு, முள்ளு, பூச்சி எது கெடந்தாலும் காலு சொல்லாது. கைதான் சொல்லும்."

அன்றைக்கே பாய் கடைக்குப் போனோம். பாய் எடுத்துப் போட்டதில் எல்லாம் நீ ஒரே பாட்டுப் பாடினாய்: "தொளதொளன்னு இருக்கு." கடைசியில் ஒன்றைப் போட்டுக்கொண்டு முகம் மலர்ந்தாய். "இதுதான். கச்சிதம். கால்ல கெடக்குறது தெரியுது." எனக்கு அங்கேதான் பொறி தட்டியது. உனக்குத் தெரிகிற அளவுக்கு அது காலைக் கடித்தால்தான் உனக்குக் கச்சிதம். அதாவது உன் காலிடம் கேட்டுச் செருப்பு வாங்குவது, தூங்குகிறவனிடம் வழி கேட்கிற கதை.

உன்னை அட்டைப்பெட்டி மேல் நிற்கவைத்து, பேனாவால் பாதத்தைச் சுற்றி வரைந்து, பாயிடம் கத்தரிக்கோல் வாங்கி வெட்டினேன். அந்த அட்டைப் பாதத்தை நீ ஆசைப்பட்ட செருப்புக்குள் வைத்தால், ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி மடங்கி எழுந்தது.

"பாத்தியா? அட்டையே அழுவுது."

"வயல்ல அட்டை கடிக்கும். இங்க ஒரு அட்டை எனக்குப் பஞ்சாயத்து பண்ணுது" என்றாய். பாய் வயிறு குலுங்கச் சிரித்தார்.

பெண்கள் பக்கத்தில் இருந்த எதிலும் அட்டை படுக்கவில்லை. எல்லாம் முன்னால் கூம்பு. ஆண்கள் பக்கத்தின் அடித்தட்டில்தான் அது இருந்தது: கறுப்பு ஷூ, முன்பக்கம் தவளை வாய் மாதிரி அகலம், லேசுக்குப் பதிலாக ஒட்டும் பட்டை. அட்டை உள்ளே போய் மடங்காமல் படுத்தபோது நான் கடை நடுவிலேயே ஒரு சுற்று ஆடினேன்.

"பொடவைக்கு ஆம்பள ஷூவா? ஊரு சிரிக்கும்டி."

"சிரிச்சா சிரிக்கட்டும். ஒன் கால் ரெண்டும் மரத்துப்போச்சு, வாய்க்கால் நல்லாத்தானே ஓடுது? அந்த வாயால பதில் சொல்லிக்க."

ஊருக்குப் பதில் சொன்னாய். வாசல் தாண்டினால் ஷூ, வீட்டுக்குள் அதே பாய் கொடுத்த மெத்தைச் செருப்பு. எல்லாம் சரியாகத்தான் போனது, வயல் வரும்வரை. வரப்புக்குப் பத்தடி முன்னால் சர்ரென்று பட்டையைப் பிய்த்துக் கழற்றிவிட்டாய்.

"சோறு போடுற எடம்டி."

"டிராக்டர் ரோட்டுல ஓடுன டயரோடதானே எறங்குது? அது என்ன கழட்டி வச்சிட்டா வருது?"

நீ சிரிக்கவில்லை. அப்போதுதான் உண்மையைச் சொன்னாய். உனக்கு என் வயதிருக்கும்போது, காலையிலிருந்து குனிந்தே இருக்கிற நடவில், கண்ணுக்கு நேராகத் தெரிந்தது வரப்பில் நின்ற ஒரு ஜோடி செருப்புதானாம். மிராசுதாரரின் முகம் உனக்குச் சரியாக ஞாபகமில்லை. செருப்பின் வார் எந்தப் பக்கம் பிய்ந்திருந்தது என்பதுகூட ஞாபகம் இருந்தது.

"இன்னிக்கு நான் அதே மாரி வரப்புல செருப்போட நின்னா, கீழ குனிஞ்சிருக்கிற செல்லம்மா என்னத்தைப் பாப்பா?"

நான் குனிந்து ஷூவைத் தூக்கிக்கொண்டேன்.

நடவு நாள். செல்லம்மா அத்தை, உன்னோடு சிறுவயதிலிருந்து ஒரே வரிசையில் நட்டவர், கூட்டத்தோடு சேற்றில் இறங்கிவிட்டார். நீ ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு, வெறுங்காலோடு வரப்பை நோக்கிப் போனாய். நான் பின்னாலேயே ஓடிவந்தேன், எங்கே இறங்கிவிடுவாயோ என்று. செல்லம்மா அத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னாடி, ஷூ கையில இருக்கு? தலைகீழா நடக்கப் போறியா?"

"மிராசு மாரி நிக்கச் சொல்றா இவ."

"நில்லேன். வெரலு போச்சுன்னா ஒன்னைத் தூக்கிச் சொமக்கப்போறது நாங்கதான். ஒன் கனத்துக்கு எங்க முதுகு தாங்காது, போட்டுத் தொலை." பிறகு சேற்றுக் கையை உதறிக்கொண்டே, "மிராசு கையைக் கட்டிக்கிட்டுல்ல நின்னாரு. ஒனக்குக் கையுமா மரத்துப்போச்சு?"

நீ வரப்பில் உட்கார்ந்து, வெள்ளை சாக்ஸை இழுத்துவிட்டு, ஷூவுக்குள் கையை விட்டுத் துழாவிப் பார்த்து, காலை விட்டாய். சர்ரென்று பட்டையைப் பிய்த்து இறுக்கி ஒட்டிய சத்தம் வயல் முழுக்கக் கேட்டது. எழுந்தாய். வரப்பில் குவித்திருந்த நாற்று முடிகளில் ஒன்றை எடுத்தாய், இடுப்பைத் திருப்பி வீசினாய். அது செல்லம்மா அத்தையின் முதுகில் சப்பென்று போய் விழுந்தது. குறி தவறிவிட்டது என்று நீ கடைசிவரை சாதித்தாய். அதற்குப் பிறகு வீசிய ஒரு முடிகூடத் தவறவில்லை என்பதை நான் சாட்சியாகச் சொல்கிறேன்.

ஆனால் வீட்டில் அவசரத்தில் கையை விட மறந்துவிடுவாய். அதற்கு வைத்தியம் என் இலாகா. தினமும் நீ எழுவதற்கு முன்னால் உன் ஷூவில் எதையாவது ஒளித்துவைத்தேன். மெத்தென்ற சாமான் மட்டும்: பஞ்சு, பூண்டுத் தோல், என் கணக்குப் பரீட்சைத் தாளின் கசங்கிய உருண்டை. நீ கண்டுபிடித்து என் தலையில் வீசுவாய். ஒருநாள் செம்பருத்தி வைத்தேன். நீ வீசவில்லை. வயலிலிருந்து திரும்பி ஷூவைக் கழற்றினாய். வெள்ளை சாக்ஸின் முன்பக்கம் சிவப்பாக இருந்தது.

நீ காலைத் தூக்கவும் பயந்து உட்கார்ந்திருந்தாய். நான்தான் சாக்ஸை உருவினேன். விரலிடுக்கில் கசங்கிய இதழ். முகர்ந்து பார்த்தேன், பூதான். நான் சிரிக்கத் தொடங்கி நடுவில் அழுதுவிட்டேன். நீ, "செம்பருத்தித் தொகையல் நல்லாதான் அரைச்சிருக்கேன்" என்றாய். அன்றைக்குப் பிறகு நீ ஒருநாளும் மறக்கவில்லை.

மறுநாள் பள்ளிக்கூட ஷூவில் காலை விட்டேன், தெருவே எழுந்து வருகிற மாதிரி கத்தினேன். உள்ளே வயல் நண்டு. கொடுக்கு இரண்டையும் வாழைநாரால் பதவிசாகக் கட்டிவைத்திருந்தாய். நீ வாசலில் நின்று கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, பிறகு மெல்லச் சொன்னாய்: "கத்துறதுக்கும் குடுத்து வச்சிருக்கணும்டி. கத்து, நல்லா கத்து."

இன்று பில் போடும்போது பாய் உன்னைப் பற்றிக் கேட்டார். தை அறுப்பு முடிந்த கையோடு தூக்கத்திலேயே போய்விட்டாய் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். தயங்கித் தயங்கி, "கால்னாலயாம்மா?" என்றார்.

"இல்ல பாய். நெஞ்சு. காலுக்கு ஒண்ணும் ஆகலை. பத்து வெரலும் கூடவேதான் போச்சு."

அதைச் சொல்லும்போது, பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவள் மாதிரி என் குரல் எனக்கே கேட்டது. பாய் தலையை ஆட்டினார். புது அண்ணனிடம், "அந்த ஷூவுக்கு வெள்ளை சாக்ஸ் ஒண்ணு போட்டுக் குடு" என்றார்.

இதோ வாசல் படியில் ஷூ இருக்கிறது. செல்லம்மா அத்தை விடியலில் கூட்டத்தோடு வந்துவிடுவார், முதல் முடி அவர் முதுகுக்குத்தான் என்று இப்போதே சொல்லிவைத்துவிட்டேன். காலையில் கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் காலை விடுவேன். ஒன்றும் இருக்காது, தெரியும். ஒருவேளை வாழைநாரால் கட்டிய நண்டு ஒன்று இருந்துவிட்டால், அத்தை, நல்லா கத்துவேன். எனக்குத்தான் கொடுத்துவைத்திருக்கிறதே.