ஹத்தாவில் ஒரு பாறைக்கு மேலே

என் அப்பாவுக்கு,

இல்லை, ஓட்டவில்லை. போனேன். பாறைக்கு மேலே நின்றேன். திரும்பி வந்துவிட்டேன்.

துபாயின் மே மாத வெயிலில் ஹத்தா மலைக்கு யாரும் சைக்கிள் கொண்டுபோவதில்லை. தெரியும். ஆனால் எங்களுக்கு வேறு மாதம் இல்லை. அம்மாவின் விசாவும் என் விசாவும் உங்கள் பெயரில்தானே இருந்தன. ஆபீஸ் லிஃப்டில் விழுந்து நீங்கள் எழுந்திருக்காமலே போன பிறகு எங்களுக்குக் கொடுத்த அவகாசம் இந்த வாரத்தோடு முடிகிறது. வியாழக்கிழமை திருச்சிக்கு விமானம். லீவுக்கு மட்டுமே போய்வந்த ஊர் எனக்கு அது. அங்கே எப்படி வசிப்பது?

சொந்தமாக ஒரு விசா கிடைக்குமென்று வேலை தேடினேன். நேர்காணலுக்குக் கூப்பிட்டவர்கள் மறுபடி கூப்பிடவில்லை.

பிறந்தது பர் துபாய். படித்ததும் இங்கேதான். இந்த ஊரில் எனக்கென்று என்ன இருக்கிறது என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். வீடு கம்பெனியுடையது. காரைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. மிச்சம் அந்த மலைத்தடம். மிகக் கடினமானது என்று கறுப்பு அடையாளம் வைத்த தடம். அதன் நடுவில் அந்தப் பாறை. ஆள் உயரத்துக்குச் சரிந்து, கீழே உதிரிக் கற்கள். ஒவ்வொரு முறையும் நீங்கள் அங்கே சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தீர்கள். உங்கள் பின்னால் நானும் நடந்தேன்.

ஒரே ஒரு முறை, கால் ஊன்றாமல் அதை ஓட்டிக் கடக்க நினைத்தேன். உங்களுக்காக என்று சொன்னால் பொய். போவதற்கு முன் இங்கே ஒன்றாவது என்னுடையதாக ஆக வேண்டும். அதற்கு யாருடைய கையெழுத்தும் தேவைப்படாது.

செல்வம் அங்கிள்தான் சனிக்கிழமை கூட்டிப்போனார். உங்களோடு கட்டட சைட்டிலும் மலையிலும் இருந்தவர். நீங்கள் போன பிறகு அவரும் சைக்கிளைத் தொடவில்லையாம். இருட்டு விலகும்போதே கிளம்பினோம்.

"கயலு, இந்த மாசத்துல ஒட்டகமே ஏசி போட்டுக் கெடக்கும். நம்ம ரெண்டு பேருக்குத்தான் கிறுக்கு."

"நீங்க வேணா கார்லயே இருங்க அங்கிள்."

"இருந்துட்டு? உங்கம்மாகிட்ட யாரு பதில் சொல்ல?"

ஏற்றம் நன்றாகத்தான் போனது. கற்கள் டயருக்கடியில் ஓட்டாஞ்சில்லு போல நொறுங்கின. வளைவுக்கு வளைவு வெயில் ஏறியது. பாறைக்கு வந்தபோது வாய் ஒட்டிக்கொண்டது. பாட்டிலை எடுத்தேன்.

தண்ணீர் வரவில்லை.

சைட்டுக்குப் போகும்போது நீங்கள் செய்வீர்களே, முந்தின நாளே பாட்டிலை ஃப்ரீசரில் வைப்பது. அதைத்தான் செய்தேன். ஆனால் பிறந்தநாளுக்கு வந்த அந்த ஸ்டீல் பாட்டிலில். மூடியைத் திறந்து, ஃப்ரீசரிலேயே இரண்டு நாள். கவிழ்த்தேன். தட்டினேன். உள்ளே பனிக்கட்டி அசையக்கூட இல்லை. பாட்டிலின் வெளிப்பக்கம் வெயிலில் சுட்டது. கையில் அவ்வளவு தண்ணீர், அப்பா. ஒரு வாய் கிடைக்கவில்லை.

"என்ன பிள்ள, குடிக்கலியா?"

"உறைஞ்சு போச்சு அங்கிள். உருக மாட்டேங்குது."

வாங்கிப் பார்த்தார். சிரித்துவிட்டார்.

"அடிப்பாவி! இது காலைல ஊத்துன காப்பிய சாயங்காலம் வரைக்கும் சூடா வச்சிருக்கும். இதுலயா ஐஸ் போடுவ? உங்கப்பா கொண்டாந்தது பிளாஸ்டிக் பாட்டில்லா!"

தன் பாட்டிலை என்னிடம் நீட்டினார். குடித்தேன். பாதிக்கும் கீழே போயிற்று. அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. பாறையைத் தாண்டினால் திரும்பி ஏற வழி கிடையாது. ஒரு மரம்கூட இல்லாத ஓடையைச் சுற்றித்தான் காருக்கு வர வேண்டும்.

"கலாஸ், கயலு. போதும், திரும்பு."

"இது மட்டும் அங்கிள். ஒரு நிமிஷம்."

"எறங்க ஒரு நிமிஷம்தான். அப்புறம் ரெண்டு பேருக்கும் தண்ணிக்கு எங்க போவ? சொன்னா கேளு. அடுத்த வாரம் வந்து பாத்துக்கலாம்."

சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். முகத்தைத் திருப்பி, ஹெல்மெட் வாரை அவிழ்த்து மறுபடி மாட்டினார். நான் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றேன். முன்சக்கரம் பாறை விளிம்புக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. பயமாக இருந்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். பயமே இல்லை. என்னால் முடிந்திருக்கும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அதை யாரிடம் நிரூபிப்பது?

ஏறிய வழியிலேயே கீழே வந்தோம்.

வீட்டில் அம்மா சூட்கேஸ்களை எடை பார்த்துக்கொண்டிருந்தாள். "ஓட்டிட்டியாடி?" என்றாள். இல்லை என்றேன். "சரி, மூஞ்சியக் கழுவிட்டு வா. உங்கப்பா ஸ்வெட்டர எடுக்கவா வேணாமா, நீயே சொல்லு. திருச்சில அத எங்க போடறது?" எனக்கும் தெரியவில்லை. ஸ்வெட்டரை மடித்துப் பெட்டியில் வைத்தோம், எடுத்தோம், திரும்ப வைத்தோம்.

மறுபடி வருவேன் என்று சொல்ல என் கையில் ஒன்றும் இல்லை. அதனால் சொல்லப்போவதில்லை. வேறொன்று சொல்கிறேன். அம்மா உங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இப்போதெல்லாம் எழுந்து போய்விடுகிறேன். இனிமேல் போகமாட்டேன். உட்கார்ந்து கேட்பேன். அவள் சொன்னதையே சொன்னாலும்.

இவ்வளவும் எழுதி நிறுத்திவிட்டு, சைக்கிளைத் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் போட்டு, செல்வம் அங்கிள் வீட்டு பால்கனியில் சாய்த்து வைத்துவிட்டு, பஸ்ஸில் திரும்பி வந்தேன்.

உங்கள் மகள்,
கயல்