படுத்திருக்கும் பிரபுக்கள்

மார்ச் 3, 1954
இன்று தார்ன்ஹோம் மாளிகையின் கூரையை இறக்கினோம். மாளிகை இடிப்பதில் யார்க்‌ஷயரிலேயே எனக்கு இணை கிடையாது. நான் முறைத்தாலே பாதிச் சுவர் விழுந்துவிடும். ஆனால் விருந்தறைக்குள் போனதும் கடப்பாறையைக் கீழே வைத்துவிட்டேன். சுவர் முழுக்க ஓக் பலகை. செதுக்கிய திராட்சைக் கொடிகள், நடுநடுவே அந்த வம்சத்துப் பிரபுக்களின் முகங்கள். இருநூறு வருஷமாவது ஆகியிருக்கும். முதலாளி பர்கிஸ், “இத வாங்க ஆளில்ல கிளெம், வெள்ளிக்கிழமை எல்லாத்தையும் கொளுத்திடு” என்கிறார். கொளுத்துவதா? இதையா?

மார்ச் 4
அக்கா மகள் ஹெஸ்டர் மில் வேலையை விட்டுவிட்டுப் பழைய பஸ் கொட்டகையில் டீக்கடை வைக்கிறாள். சுற்றிலும் தகரம். “இதுக்குள்ள யாரு மாமா டீ குடிக்க வருவா? பஸ்ஸுதான் வரும்” என்று கண் கலங்கினாள். அரண்மனை அறையையே கொண்டுவந்து மாட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அந்த அறையில் ஒரு ராஜா சாப்பிட்டார் என்றும் சொன்னேன். சாப்பிடாமலா இருந்திருப்பார்?

மார்ச் 5
பர்கிஸ், “தூக்கிட்டுப் போய்த் தொலை” என்றார். ஒரு கீறல் விழாமல் கழற்றினேன். (சரி, ஒன்று.) மற்ற அறைகளின் கதவெல்லாம் முற்றத்தில் எரிந்தன. திரும்பிப் பார்க்காமல் லாரியை ஓட்டினேன்.

மார்ச் 20
போச்சு. பலகைகள் மாளிகை உயரம். கொட்டகை அதில் பாதி.
“அளக்கவே இல்லையா மாமா?”
“நான் கண்ணாலயே அளக்கறவன்.”
“அப்ப அந்தக் கண்ண மாத்துங்க.”
ரம்பத்தை எடுத்தேன். வெட்டினால் பிரபுக்களுக்குக் கழுத்து போகும். கை வரவே மாட்டேனென்கிறது. என்னடா செய்வது?

மார்ச் 21
பலகைகளைப் படுக்கப்போட்டு ஆணி அடித்துவிட்டேன்.

ஏப்ரல் 2
நாளை திறப்பு. மாளிகைக்காரி மிஸ் ஸ்டேவ்லி வருகிறாராம். ஹெஸ்டருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. “அவங்க தாத்தாக்கள வரிசையா படுக்க வச்சிருக்கோம். அந்தம்மா மூஞ்சியச் சுளிச்சா ஊர்ல ஒருத்தரும் வரமாட்டாங்க மாமா.” நான் சிரித்துச் சமாளித்தேன். எனக்கும் இறங்கவில்லைதான்.

ஏப்ரல் 3
வந்தார். கைத்தடியை ஊன்றி நின்றார். சுவரையே பார்த்தார். டீ குடித்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் கோப்பையை வைத்துவிட்டார்கள். நான் கதவுப் பக்கம் நகர்ந்தேன். அந்தம்மா மெல்லத் தலையைச் சாய்த்தார் — தோளைத் தொடுகிற அளவுக்கு.
“சின்ன வயசுல காய்ச்சல் வந்தா அந்த அறைக் கணப்புப் பக்கத்துல சோபால என்னப் படுக்க வைப்பாங்க. இவங்கெல்லாம் எனக்கு இப்படித்தான் தெரிவாங்க. ரொம்ப நாளாச்சு.”
அப்புறம், “இன்னொரு கப் ஊத்தும்மா” என்றார். சற்று நேரத்தில் கடை முழுக்கத் தலைகள் சாய்ந்திருந்தன.

மே 16
ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார இடமில்லை. லீட்ஸிலிருந்து வந்த ஒருவர், பிரபுக்கள் ஏன் படுத்திருக்கிறார்கள் என்று கேட்டார். நானூறு வருஷத்துக்கு முன்பே அப்படித்தான் செதுக்கினார்கள் என்றேன். தட்டோடு போன ஹெஸ்டர், “ஆமாங்க, மாமாதான் அப்பவே நின்னு அளந்தாரு” என்றாள்.

அடுத்த மாதம் இன்னொரு மாளிகை. “இடிக்கறதுக்கு முன்னாடி எது எதக் கழட்டணும்னு நீயே வந்து பார்த்துச் சொல்லு” என்கிறார் பர்கிஸ். என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்?

வரும் வழியில் ஓர் அளவு நாடா வாங்கினேன். ஹெஸ்டருக்குத் தெரிய வேண்டாம்.