மூடியைத் திறக்காதவளுக்கு

உன் ஐஸ் பெட்டியில் இப்போது உன் பேத்தியின் துணிகளை மடித்து வைத்திருக்கிறார்கள். நேற்று உன் மருமகள் மூடியைத் திறந்து ஒரு பருத்தித் துணியை உருவினாள். எத்தனை சோப்புப் போட்டுக் கழுவினார்களோ, இறால் வாடை மட்டும் போகவில்லை. குப்பென்று என் மூக்கில் ஏறியது. கூடவே பழைய கோபமும் ஏறியது. நீ செத்து ஒரு வருடம் ஆகிவிட்டது. செத்தவள் மேல் இன்னும் என்ன கோபம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். அந்தப் பெருந்தன்மை எல்லாம் எனக்கு வராது. என்னைப் பற்றி உனக்குத் தெரியாதா.

உன் வீட்டு வாசலை இருபத்திரண்டு வருடமாக நான் மிதிக்கவில்லை. உன் சாவுக்குக்கூடத் தெருமுனையில் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். நேற்று மிதிக்க வேண்டியதாகிவிட்டது. கத்திரி வெயில். பசியாவரம் தீவு முழுக்கக் காலையிலிருந்து கரண்ட் இல்லை. நான் ஆயாவாக வேலை செய்யும் அங்கன்வாடிக்கு உன் மருமகள் செருப்பில்லாமல் ஓடிவந்தாள். "பெரிம்மா, பாப்பா பாலே குடிக்க மாட்டேங்குது. ஒடம்பு அனலா கீது. கொஞ்சம் வந்து பாருங்க," என்று கையைப் பிடித்து இழுத்தாள். போனேன். உனக்காகப் போகவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாம் இரண்டு பேரும் ஒரே மாதத்தில் இந்தத் தீவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். ஒரே படகில் கூடையை வைத்துக்கொண்டு பழவேற்காட்டுக்கு மீன் விற்கப் போனோம். என் புருஷன் வாங்கிவந்த பூவில் பாதி உன் தலையில் இருக்கும். உன் மகன் பிறந்த மாதம் நீ ஜன்னி கண்டு விழுந்து கிடந்தாய். என் பெரியவனுக்கு ஒரு பக்கம், உன் மகனுக்கு ஒரு பக்கம் என்று நான்தான் இரண்டு பேருக்கும் பால் கொடுத்தேன். அதை உன்னிடம் சொல்லிக்காட்டும் நாள் வரும் என்று அப்போது நினைக்கவில்லை. வந்தது. உன்னிடம் மட்டுமில்லை, ஊரெல்லாம் சொல்லிக்காட்டினேன்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், என் மகளுக்கு மூன்று மாதம். இதே கத்திரி, நட்டநடு மதியம், ஷீட்டுக் கூரை வீடு. கூரைக் கழியில் சேலையால் ஏணை கட்டி அதில் அவளைப் போட்டிருந்தேன். வெயில் படக் கூடாது என்று ஏணையின் மேல் ஒரு நைலக்ஸ் சேலையை இரண்டாக மடித்துப் போர்த்தினேன். காத்துகருப்பு அண்டக் கூடாது என்று தலைக்குக் குல்லா வேறு. கூரைக்குப் பக்கத்தில்தான் அனல் எல்லாம் தங்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? அழுதுகொண்டிருந்தவள் நிறுத்தினாள். தூங்கிவிட்டாள் என்று நான் பாட்டுக்கு வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன். தூக்கிப் பார்த்தால் கழுத்து தொங்குகிறது. உதடு வெடித்துக் கிடக்கிறது. காலையில் இடுப்பில் கட்டிய துணி நனையவே இல்லை. மார்பில் வைத்தால் வாய் திறக்கவில்லை.

பிள்ளையோடு உன் வீட்டுக்கு ஓடிவந்தேன். நீ வியாபாரியின் படகுக்காகக் காத்துக்கொண்டு, இறால் போட்ட ஐஸ் பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தாய்.

"ரெண்டு துண்டு ஐஸ் குடுடி, கொழந்த கொதிக்குது," என்றேன்.

"தொறந்தா எறா கெட்டுப் பூடும்டி," என்றாய்.

"எம் பொண்ணு சாவறாடி."

நீ எழுந்திருக்கவில்லை. நான் பிடுங்கிக்கொள்வேன் என்று பயந்தவள் மாதிரி பெட்டியின் இரண்டு பக்கத்தையும் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாய்.

என் மகள் பிழைத்துவிட்டாள். இன்று மீஞ்சூரில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். ஆனால் அந்த இறுக்கிப் பிடித்த கையை நான் மறப்பேனா? மறுவாரம் நீ ஒரு கிண்ணத்தில் இறால் தொக்கு கொண்டுவந்து என் வாசலில் நின்றாய். "பொண்ணு நல்லா கீதா?" என்று கேட்டாய். கிண்ணத்தை வாங்கி, நீ பார்க்கப் பார்க்கத் தெருமணலில் கவிழ்த்தேன். காக்கைகள் வந்து கொத்தின. அன்று எனக்குச் சோறு ருசித்தது. அதோடு விட்டேனா? படகில், குழாயடியில், மீன் ஏலம் போடும் இடத்தில், எங்கே நாலு பெண்கள் கூடினாலும் கதையை எடுத்தேன். "கொழந்த செத்தாலும் செரி, எறா கெடக் கூடாதுன்னு குந்திகினு இருந்தா பாரு, அவதான்," என்று உன்னைக் கைகாட்டினேன். பிள்ளை பிறந்த வீடுகளில் உன்னைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். ஆரம்பாக்கத்திலிருந்து உன் மகனுக்கு வந்த முதல் சம்பந்தம், இந்தக் கதை அவர்கள் காதில் விழுந்துதான் கலைந்தது. நான் பால் கொடுத்த பிள்ளைதான். ஆனாலும் அது தெரிந்தபோது வருத்தப்பட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

நீ ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். திருப்பிச் சொல்ல உன்னிடம் ஒன்று இருந்தது. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்று அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போக நான் படகுத்துறைக்கு ஓடியபோது பின்னாலிருந்து நீ கத்தினாய். "கட்டினதெல்லாம் அவுத்துப் போடுடி. தண்ணியத் தொட்டுத் தொட்டுத் தொடச்சிக்கினே போ, வுடாத." உன்னைத் திட்டிக்கொண்டேதான் குல்லாவைக் கழற்றி ஏரியில் எறிந்தேன். முந்தானையை ஏரியில் நனைத்து நனைத்து அக்கரை போய்ச் சேரும்வரை அவள் உடம்பைத் துடைத்தேன். அந்தத் தண்ணீரே வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. பாதி வழியில் அவள் முனகினாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் முதலில் கேட்டது, "ஐஸ் எதுவும் வைக்கலையே?" என்றுதான். "பச்சைக் குழந்தைக்கு ஐஸ் வைக்கவே கூடாதும்மா. துணியக் கழட்டிட்டு, துடைச்சுக்கிட்டே வந்தீங்க பாருங்க, அதான் காப்பாத்திச்சு," என்றார்.

ஆக, அன்று சாயங்காலமே எனக்குத் தெரியும். ஊரில் முதல் ஆளிடம் வாயைத் திறக்கும் முன்பே தெரியும். நீ ஐஸ் கொடுத்திருந்தால் அதை அப்படியே அவள் நெஞ்சில் வைத்து அழுத்தியிருப்பேன். இன்னொன்றும் தெரியும். அதற்கு முந்தின வாரம்தான் இறால் கெட்டுப்போனதற்காக உன் புருஷன் அடித்து உன் இடது கண் வீங்கியிருந்தது. அதற்குப் பற்றுப் போட்டுவிட்டவளே நான்தான். இதையெல்லாம் விட்டுவிட்டுத்தான் இத்தனை வருடமும் கதை சொன்னேன். ஆனால் ஒன்று. ஐஸ் ஆகாது என்று தெரிந்து நீ கொடுக்காமல் இருக்கவில்லை. இறாலுக்காகத்தான் கொடுக்கவில்லை. இதை நான் விடுவதாக இல்லை.

நேற்று உன் வீட்டிலும் அதே கூத்து. உத்தரத்தில் ஏணை, சன்னல் சாத்தி, பிள்ளைக்குக் கழுத்துவரை போர்வை. "கட்டினதெல்லாம் அவுத்துப் போடு. தண்ணியத் தொட்டுத் தொட்டுத் தொடச்சி வுடு, வுடாத," என்றேன். கத்திரி வந்தால் வீடு வீடாகப் போய் நான் சொல்லுவது இதைத்தான். என் வாயிலிருந்து வருவது உன் குரல். துப்பினாலும் போக மாட்டேன் என்கிறது. காற்று வரும் கதவோரம் பாயைப் போட்டுப் பிள்ளையைக் கிடத்தினோம். தண்ணீர் புகட்டப் போனவளைத் தடுத்தேன். "ஆறு மாசம் ஆவல, தாய்ப்பால்தான். இப்ப வாய் வெக்கலன்னா படகேறிடலாம்," என்றேன். வைத்தது. உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தது. பிறகு என் மடியில் மூத்திரம் பெய்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. எதற்கும் நர்ஸிடம் காட்டிவிடு என்று சொல்லி எழுந்தேன்.

உன் மருமகள் வாசல்வரை வந்தாள். தயங்கித் தயங்கிக் கேட்டாள். "பெரிம்மா, ஊர்ல சொல்றாங்களே. எங்க அத்தை, ஒங்க பொண்ணு செத்தா சாவட்டும்னு ஐஸ் குடுக்காம வுட்டுட்டாங்களாமே. நெசமா?"

அவள் முகத்தைப் பார்த்தேன். இல்லை என்று நான் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு இருந்தது.

"ஐஸ் குடுக்கல. அது நெசந்தான்," என்றேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, "தண்ணியத் தொட்டுத் தொடைக்கிறதெல்லாம் ஒங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டாள்.

"டிரெய்னிங்ல சொன்னாங்க," என்றேன்.